ஒருவேளைக்காரரும் ஐம்பது ‘வேண்டாம்’களும்

ஆபீசில் அவருக்கு ‘ஒருவேளை சார்’ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்த அன்றே ஒட்டிக்கொண்டது. ஒரு வேலை முடிந்தது, எழுந்திருக்கலாம் என்று எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளும் நேரம் பார்த்து, “ஒருவேளை...” என்று ஆரம்பிப்பார். நாற்காலிகள் மறுபடி முன்னால் வரும்.

பிறவிக் குணம்தான். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளை அவராக எழுந்து கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை, பிடுங்கித்தான் வாங்கியிருக்கிறார்கள். பட்டாணி உரிக்கக் கொடுத்தால், உரித்துப் போட்ட தோலையெல்லாம் மறுபடி ஒரு தரம் பிரித்துப் பார்ப்பார். வெளியூர் லாட்ஜில் அறையைக் காலி செய்யும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து குனிந்து எழுவார். ஒரு தடவை யாரோ விட்டுப்போன பல் போன சீப்பு ஒன்று அகப்பட்டது. அதை வாசல் மேசையில் ஒப்படைத்ததோடு நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, சீப்பு உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டு விசாரித்தார்.

மச்சினன் ஒரு பெயின்டர். அக்கா வீடாயிற்றே என்று கூலி பேசாமல் பெயின்ட் அடிக்க வந்தவன், வந்த நேரத்தை நொந்துகொண்டான். சார் கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே சுவர் சுவராகப் போனார். இங்கே ஒரு பொட்டு விட்டுப்போயிருக்கிறது, அங்கே ஒரு பொட்டு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி நாலாவது பூச்சு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். மச்சினன் பிரஷ்ஷை வாளிக்குள் போட்டான்.

“மாமா, இதுக்கு மேல அடிச்சா சுவரு தடிச்சு ரூம் சின்னதாயிடும். பரவாயில்லையா?”

சார் ஒரு கணம் அதையும் யோசித்துத்தான் பார்த்தார்.

இந்த மனிதருக்கு ஒரு கல்யாணமும் நடந்தது என்றால், அதுவும் இந்தக் குணத்தால்தான். நண்பர் ஒருவரின் குழந்தை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது. பார்வை நேரம் முடிந்து எல்லாரும் போயாயிற்று. இவர் மட்டும் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “ஒரு நிமிஷம் சிஸ்டர், ஒருவேளை இப்பக் கண்ணைத் திறந்துட்டான்னா?” என்று கெஞ்சினார். வார்டு நர்ஸ் அவரைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். தள்ளிய கையையே பிறகு பிடித்துக்கொண்டார் மனிதர். ஆனால் கூப்பிடுகிற பழக்கம் மட்டும் மாறவில்லை. கட்டிய மனைவியை இன்றைக்கும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார். கல்யாண வீடுகளில் புதுச் சொந்தக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய சொந்தக்காரர்கள் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

உலகம் சும்மா விட்டிருந்தால் அவர் தானாகவே ஒரு நாள் திருந்தியிருப்பார். தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் அலுத்துப்போயிருப்பார். ஆனால் கல்யாணமான புதிதில் சிஸ்டரின் தோட்டுத் திருகாணி ஒன்று தொலைந்தது. போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார் சிஸ்டர். சார் கேட்பாரா? குப்பைக் கூடையைக் கவிழ்த்தார், பாயை உதறினார், பீரோவை நகர்த்தினார். பொழுது சாயும் நேரத்தில் தலையெல்லாம் தூசியோடு பீரோவுக்குப் பின்னாலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். உள்ளங்கையில் மஞ்சளாக ஒரு பொட்டு.

“அய்யோ, கிடைச்சிருச்சு!” என்று சிஸ்டர் அதை வாங்கி நகைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

வினை அங்கே ஆரம்பித்தது. அதற்குப் பிறகு யாராவது போதும் என்றால், வக்கீல் பழைய தீர்ப்பை எடுத்து நீட்டுவது போல, “திருகாணி கிடைச்சுதா இல்லையா?” என்பார். மேற்கொண்டு வாதம் கிடையாது. சிஸ்டரும் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் வாயைத் திறக்க மாட்டார்.

அவ்வளவு பெரிய தேடல்காரருக்கும் அகப்படாத பொருள் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் முதுகு மூடியைச் சின்னச் சின்னப் பித்தளை மரைகள் பிடித்திருந்தன. அதில் ஒன்று எப்போதோ கழன்று விழுந்து, மூடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டேப் விடும்போதெல்லாம் மூடி கடகடவென்று ஆடும். கடையில் வேறு மரை வாங்கிப் போடலாமே என்றால், “நம்ம மரை வீட்டுக்குள்ளதான் இருக்கு. எங்க போயிடும்?” என்பார். வருஷக்கணக்காகப் பெருக்குகிற குப்பையையெல்லாம் கிளறிப் பார்த்தும் அது மட்டும் கண்ணில் படவில்லை.

“மாமா, கடிகாரத்துக்கு மட்டுமா மரை கழண்டிருக்கு?” என்று மச்சினன் கேட்டதற்கு அன்று சோறு போடத் தாமதமாயிற்று.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த உத்தியோகம் கரும்பு தின்னக் கூலி மாதிரி. மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தேர்வாளர். வைத்தியத்தில் ஒரு கேள்வி எழுந்தால், அதைப் பற்றி உலகத்தில் யார் யார் என்னென்ன ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று அங்கே மொத்தமாகத் திரட்டுவார்கள். வலை வீசினால் மீனும் வரும், செருப்பும் வரும். ஒவ்வொரு ஆய்வின் சுருக்கத்தையும் படித்து, இது கேள்விக்கு உதவும், ‘வேண்டும்’. இது உதவாது, ‘வேண்டாம்’ என்று பிரிப்பது சாருடைய வேலை. பிரித்ததை எடுத்து மற்றவர்கள் எடைபோட்டு ஒரு பதில் சொல்வார்கள். முன்பெல்லாம் சார் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பதைக் கடைசித் துணுக்கு வரைக்கும் படிப்பார். தாமதம் ஆகும், ஆனால் ஒன்றையும் விட்டுவிட்டார் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. சந்தோஷமாக இருந்தார்.

பிறகு மிஷின் வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு ஏற்பாடுதான். சார் எதற்கு வேண்டும் போடுகிறார், எதற்கு வேண்டாம் போடுகிறார் என்று அது பார்த்துக்கொண்டே வரும். கொஞ்ச நேரத்தில் அவர் ருசி பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு குவியலுக்குள் புகுந்து, அவருக்கு வேண்டியிருக்கும் என்று தோன்றுவதையெல்லாம் எடுத்து முன்வரிசையில் வைக்கும். அதனால் ஆரம்பத்தில் வேண்டும், வேண்டும் என்று போகும். போகப் போக அங்கொன்று இங்கொன்று. அப்புறம் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். இன்னும் ஆயிரக்கணக்கில் படிக்காமல் கிடக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது? அதை மிஷின் சொல்லாது. மனிதர்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதராக நம்முடைய சார் போய் உட்கார்ந்ததுதான் கூத்து.

குழுவின் தலைவி ஒரு புள்ளியியல்கார அம்மாள். எல்லாருக்கும் மேடம். வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணிச் செலவழிப்பவர். வேலை தொடங்குகிற அன்றே விதியைச் சொல்லிவிட்டார்.

“தொடர்ந்து அம்பது வேண்டாம் வந்தா நிறுத்திடுங்க. அதுக்கப்புறம், படிக்காம விட்டதுல குலுக்கல் போட்டுக் கொஞ்சம் எடுத்து ரெண்டு பேரும் படிப்போம். அதுலயும் ஒண்ணும் இல்லைன்னா கடையைக் கட்டிடலாம்.”

“ஒருவேளை அம்பத்தொண்ணாவது...”

“அம்பது சார்.”

இந்தத் தடவை எடுத்த கேள்வி வேறு யாருடையதும் இல்லை, சிஸ்டருடையது. அவருடைய வார்டில் குழந்தைகளுக்குக் கையில் ஊசி ஏற்றும்போது அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்கள். குழந்தையை மேசையில் படுக்க வைத்து இரண்டு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்த கைகளில் ஒன்று எத்தனையோ வருஷமாக சிஸ்டருடைய கை. அம்மா மடியிலேயே உட்கார வைத்துப் போட்டால் என்ன என்று அவர் கேட்காத டாக்டர் இல்லை. அம்மா மயக்கம் போட்டு விழுவாள், குழந்தை துள்ளும், ஊசி தவறும், நல்லது என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று வாயை அடைத்துவிடுவார்கள். அதை சிஸ்டர் வீட்டில் வந்து சொல்லிப் பொரும, சார் போய் மேடத்திடம் சொல்ல, மேடம் “பாத்துடலாமே” என்று எடுத்துக்கொண்டார். அத்தாட்சி கையில் கிடைத்தால், வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிற ஆஸ்பத்திரிக் குழு அதைப் பார்த்து விதியை மாற்றலாம்.

இதில் ஒரு சிக்கல். சிஸ்டருக்கு இடுப்பு வலி. குனிந்து நிமிர்கிற வேலை இனி முடியாது என்று அவரே எழுதிக் கொடுத்ததில், மாதக் கடைசியோடு வார்டிலிருந்து மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். குழு கூடுவது அதற்குச் சில நாள் முன்னால். அதற்குள் சாருடைய வேலை முடிந்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வருஷம். அப்போது சிஸ்டர் கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருப்பார்.

“ஆச்சாங்க?” என்று தினமும் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

“இன்னும் கொஞ்சந்தான்.”

அந்தக் கொஞ்சம் குறைகிற வழியாக இல்லை. சார் ஏமாற்றுகிறவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வேண்டாம்களின் எண்ணிக்கை பத்தில், இருபதில் நிற்கும்போது அது தூங்கும். நாற்பதைத் தாண்டினால் விழித்துக்கொள்ளும். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று போகப் போக, திரையில் வருகிற எதைப் பார்த்தாலும் ‘ஒருவேளை இதுவும் உதவுமோ’ என்று நெஞ்சு குறுகுறுக்கும். விதி என்னவோ தொடர்ந்து ஐம்பது என்பது. நடுவில் ஒரு வேண்டும் விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். சார் ஒரு வேண்டும் போடுவார். எண்ணிக்கை சுழிக்குப் போகும். சாருக்கு மூச்சு வரும்.

மேடம், முதலில் வந்த நல்ல ஆய்வுகளை முழுசாகப் படிப்பதில் மூழ்கியிருந்தார். போகிற போக்கில் எட்டிப் பார்த்து, “எவ்வளவு சார்?” என்பார். “நாப்பத்தொண்ணு மேடம்.” மறுநாள், “எவ்வளவு சார்?” “பன்னெண்டு மேடம்.” மேடம் ஒரு கணம் நிற்பார், நம்பிக்கையோடு போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆஸ்பத்திரிக் குழு கூடுவதற்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. சார் மடிக்கணினியைக் கூடத்து மேசையில் வைத்துக்கொண்டு வேலையில் இருந்தார். வழக்கம்போலச் சாப்பிட வந்த மச்சினன் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தான். சிஸ்டர், காய்ந்த சீருடைகளை மடித்தபடியே வந்து சாருக்குப் பின்னால் நின்று, முதல் முறையாகத் திரையைப் பார்த்தார்.

“இது என்னங்க?”

“நாய்.”

“நாய்னு தெரியுது. இங்க எப்படி வந்துச்சு?”

“ஊசி போடுறப்ப வளர்க்கிறவங்க பக்கத்துல இருந்தா நாய் பயப்படுதா இல்லையான்னு பாத்திருக்காங்க.”

“நான் நாயைக் கேட்டேனா?”

“கேக்கல. ஆனா ஒருவேளை...”

சிஸ்டர் அடுத்ததைத் தள்ளச் சொன்னார். கன்றுக்குட்டி காதில் அடையாளத் தகடு மாட்டும்போது தாய்ப்பசு பக்கத்தில் நிற்கலாமா என்பது பற்றி ஒன்று. அதற்கடுத்து, அப்பா மடியில் உட்கார வைத்து முடிவெட்டினால் குழந்தை அழுமா என்று ஒன்று. அதற்கும் அடுத்து, பல் பிடுங்கும்போது மனைவி பக்கத்தில் இருந்தால் கணவனுக்கு வலி கூடுமா குறையுமா என்று ஒன்று.

“கூடும்,” என்றது பேப்பர். “இதுக்கெல்லாம் ஆராய்ச்சி வேற.”

சிஸ்டர் தம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வார்டில் காய்ச்சல் அட்டவணையைப் பார்க்கிற கண்ணோடு திரையைப் பார்த்தார்.

“இதையெல்லாம் யார் கொண்டாந்து வச்சது?”

“மிஷின்.”

“உங்களுக்கு நாய் புடிக்கும்னு அதுக்கு யார் சொன்னா?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“முதல்ல ஒரு நாய் வந்திருக்கும்ல, அதுக்கு என்ன போட்டீங்க?”

“வேண்டும்.”

“எத்தனையாவதா வந்துச்சு அது?”

“நாப்பத்தேழு.”

“முதல் கன்னுக்குட்டி?”

“நாப்பத்தஞ்சோ, ஆறோ.”

சிஸ்டர் மேலே மேலே தள்ளிப் பார்த்தார். சந்தேக வேண்டும்கள் எல்லாம் நாற்பதுக்கு மேலேயே நின்றன. அதற்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

“மிஷின் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். அது நல்லாத்தான் இருக்கு. நீங்க எதுக்குச் சந்தேகப்படுவீங்கன்னு பாத்துப் பாத்துப் படிச்சு, இப்ப அதையே தேடித் தேடிக் கொண்டாந்து குடுக்குது. தாயைப் போல பிள்ளை!”

சாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“தேடுறது ஒரு தப்பா சிஸ்டர்? போதும்னு எழுந்துட்டா, நல்லது ஒண்ணு அடியில கெடந்தா என்ன பண்றது?”

“மூக்கு இருக்கிற வரைக்கும் சளி இருக்கும். அதுக்காக நாள் பூரா சிந்திக்கிட்டே உக்காந்திருக்க முடியுமா?”

“அன்னிக்கும் இப்படித்தான் போதும்னே. திருகாணி கிடைச்சுதா இல்லையா?”

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடித்த சீருடை மடியில் இருந்தது. அதன் மடிப்பை இன்னொரு தரம் நீவிவிட்டார்.

“கிடைக்கல,” என்றார்.

சோபாவில் பேப்பர் இறங்கியது.

“அன்னிக்குச் சாயங்காலமே திருகாணியை என் சீருடைப் பையில இருந்து எடுத்துட்டேன். சொல்லலாம்னு வந்தேன். நீங்க பீரோவுக்குப் பின்னால இருந்து தலையெல்லாம் ஒட்டடையோட வந்தீங்க. கையில எதையோ வச்சுக்கிட்டு. உங்க மூஞ்சியில இருந்த சந்தோஷத்தைப் பாத்ததும் எனக்குச் சொல்ல வாய் வரல. புதுசா கட்டிக்கிட்ட புருஷன். கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப நான் எடுத்துட்டு வந்தது?”

“தெரியல. தங்கம் இல்லைன்னு மட்டும் தெரியும்.”

உள்ளே போய் நகைப் பெட்டியைத் திறந்து, பஞ்சு சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டரும் பார்த்தார். மச்சினனும் பார்த்தான். டேப் போட்ட மூடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

வருஷக்கணக்காக வீடு முழுக்கத் தேடிய மரை. எடுத்த கையோடு திருகாணி என்று பேர் வைத்து நகைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டதால், உலகத்தில் அவர் தேடாத ஒரே இடம் அதுவாகிப்போனது.

மச்சினன்தான் முதலில் சிரித்தான். சிஸ்டர் வாயைப் பொத்திப் பார்த்தார்; முடியவில்லை. சீருடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தீர்ப்பே தள்ளுபடியான வக்கீல் எங்கே சிரிப்பார்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிஸ்டரின் குலுங்கல் சிரிப்பு இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

“மிஷினுக்கு நீங்க தப்பாச் சொல்லிக் குடுத்தீங்க. உங்களுக்கு நான் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன்,” என்றார் சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எத்தனை பிள்ளைங்களை இந்தக் கையால அமுக்கிப் பிடிச்சிருக்கேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிற அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டே கத்தும்ங்க. வார்டை விட்டுப் போறதுக்குள்ள ஒரு குழந்தையையாவது அம்மா மடியில பாத்துட்டுப் போகணும். அவ்வளவுதான் நான் கேக்குறது.”

சார் மரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மேற்கொண்டு ஒன்றும் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் மேடம் கைப்பையை இறக்கி வைப்பதற்குள் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாயைச் சொன்னார், கன்றைச் சொன்னார், நாற்பதைத் தாண்டினால் நெஞ்சு குறுகுறுப்பதையும் சொன்னார். திருகாணிக் கதையை மட்டும் சொல்லவில்லை. எந்த மனிதனுக்கும் கொஞ்சம் மானம் வேண்டுமல்லவா?

மேடம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “நாப்பத்தொண்ணு எப்படி மறுநாள் பன்னெண்டாகுதுன்னு நானும் கேட்டிருக்கணும். தப்பு என் மேலயும் இருக்கு. வாங்க, உக்காந்து பிரிச்சிடலாம்.”

இரண்டு பேரும் சந்தேக வேண்டும்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். ஒன்றிரண்டு நிஜமாகவே நின்றன. நாய்கள், கன்றுகள், பல் பிடுங்கிய கணவர்கள் எல்லாரும் வெளியே போனார்கள். மிஷினிடம் திருத்திய கணக்கைக் கொடுத்ததும் அது வரிசையை மறுபடி அடுக்கியது.

புது வரிசையில் மேலாக வந்து நின்றதைப் பார்த்ததும் சாருக்கு வியர்த்தது. சிறிய ஆய்வுதான். ஏதோ ஒரு குழந்தைகள் வார்டு, ஊசி, அம்மா மடி. சிஸ்டர் கேட்ட கேள்வியே தலைப்பு. அதை நாய்க் கூட்டம் கீழே கீழே தள்ளி அமுக்கி வைத்திருந்தது. ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று கட்டிக் காத்த இவரால்தான் அது அங்கே கிடந்தது. அதை எட்டுவதற்கு முன்பே களைத்து என்றைக்காவது நிறுத்தியிருந்தால், இது கிடைக்காமலே போயிருக்கும். சார் அதற்கு வேண்டும் போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பிறகு வேண்டாம்கள் வர ஆரம்பித்தன. பத்து, இருபது, முப்பது. நாற்பதைத் தாண்டியதும் பழைய குறுகுறுப்பு சொன்னபடி வந்து சேர்ந்தது. சார் மரையைப் பையிலிருந்து எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். நாற்பத்தாறில் பூனை ஒன்று வந்தது. பூனையைப் பார்த்தார், மரையைப் பார்த்தார், வேண்டாம் போட்டார். நாற்பத்தொன்பதில் முதுகு வலித்தது.

ஐம்பது.

விதி முடிந்தது. ஆனால் மிஷினுக்கு விதி தெரியாது. தன் பாட்டுக்கு அடுத்ததைத் திரையின் அடியில் தயாராக நீட்டிக்கொண்டிருந்தது. ஐம்பத்தொன்றின் தலைப்பு, எழுத்துகளின் மேல்பாதி மட்டும் தெரிய எட்டிப் பார்த்தது. முதல் எழுத்து ‘கு’ மாதிரி இருந்தது. குழந்தையாக இருக்கலாம். குதிரையாகவும் இருக்கலாம். விரலை ஒரு நூல் நகர்த்தினால் தெரிந்துவிடும். பார்க்கத்தானே போகிறோம், போடவா போகிறோம் என்று மனசு நயமாகப் பேசியது. சார் இடது உள்ளங்கையால் திரையின் அடிப்பாகத்தைப் பொத்திக்கொண்டு, வலது கையால் நிறுத்து என்பதை அழுத்தினார். அழுத்திய பிறகும் பொத்திய கையை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மேடம் வந்து திரையை அணைத்த பிறகுதான் எடுத்தார்.

குலுக்கலில் விழுந்தவற்றை இரண்டு பேரும் தனித்தனியாகப் படித்தார்கள். ஏதாவது கிடைக்காதா என்று வாழ்நாள் முழுக்க ஏங்கிய மனிதர், ஒன்றும் கிடைத்துவிடக் கூடாதே என்று அன்றுதான் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். ஒன்றும் கிடைக்கவில்லை.

“அப்ப மிச்சத்துல ஒண்ணுமே இல்லையா மேடம்?”

“அப்படிச் சொல்ல முடியாது. ஒண்ணு ரெண்டு இருந்தாலும் இருக்கும். இருந்தாலும் நம்ம பதிலைப் புரட்டிப் போடாதுன்னு நம்பலாம். அதையும் அறிக்கையில ஒளிக்காம எழுதிடணும். நீங்களே எழுதுங்க.”

சார் யோசித்து யோசித்து ஒரே ஒரு வரி எழுதினார். ‘ஒருவேளை, சில ஆய்வுகள் எங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.’ மேடம் படித்துவிட்டு, “இதுல ஒரு எழுத்தும் மாத்த வேணாம்,” என்றார். வருகிறவர் போகிறவரெல்லாம் கேலி செய்த அந்த வார்த்தை, கடைசியில் அச்சிலேயே ஏறிவிட்டது. சாருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆஸ்பத்திரிக் குழு கூடியது. வழக்கமான டாக்டர்கள் வழக்கமான மயக்கத்தைப் பற்றி வழக்கம்போலப் பேசினார்கள். அறிக்கை மேசையில் இருந்தது. விருப்பப்படுகிற அம்மா மடியில் வைத்துக்கொள்ளலாம், கொஞ்ச நாள் இப்படி நடத்திப் பார்ப்போம் என்று முடிவானது.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் சிஸ்டர் வீட்டுக்கு வந்தபோது சார் ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் செருப்பைக் கழற்றினார். ‘ஆச்சா’ என்று கேட்பதற்கு இன்று ஒன்றும் இல்லை.

“இன்னிக்கு ஒரு பொண்ணுங்க. அம்மா மடியில உக்காந்து போட்டுக்கிட்டா.”

“அழுதாளா?”

“அழாம? ஊசியாச்சே. ஆனா அம்மா மூஞ்சியைப் பாத்து அழுதா. மேல் கூரையைப் பாத்து அழல.” சிஸ்டருக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் யாரையும் பிடிக்கலைங்க. சும்மா பக்கத்துல நின்னேன்.”

சாருக்கு இறங்கி வந்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத் தெரியாமல், “அந்த டார்ச்சை எடு சிஸ்டர்,” என்றார்.

சிஸ்டர் டார்ச்சை அடித்துப் பிடித்தார். சார் பையிலிருந்து மரையை எடுத்து அதன் இடத்தில் வைத்துத் திருக ஆரம்பித்தார். தன் வீட்டுக்கு வந்தது போல அது பாட்டுக்கு ஏறியது.

“ஏங்க.”

“ம்.”

“அந்த அம்பத்தொண்ணாவது என்னங்க?”

“தெரியாது.”

“நெஜமாவே பாக்கலையா?”

“பாக்கல.”

கல்யாணமான நாள் முதல் அவர் வாயிலிருந்து வராத பதில். கொஞ்ச நேரத்தில் டார்ச்சு வெளிச்சம் கடிகாரத்தை விட்டு மெல்ல நகர்ந்து சுவருக்குப் போனது.

“கு-ன்னு ஆரம்பிச்சுதுன்னு சொன்னீங்களே. ஒருவேளை அது...”

“சிஸ்டர்,” என்றார் ஒருவேளை சார், “வெளிச்சத்தை இங்க காட்டு.”

மரை இறுகி நின்றது. இன்னும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் அவர் ஸ்டூலை விட்டு இறங்கினார்.